வெளியுறவு நாராயணப்பன்

சூளகிரியிலிருந்து பேரிகை போகிற சாலையில், புதிய தொழிற்பேட்டை வாசலில் இறங்கி நாராயணப்பன் வீடு எங்கே என்று கேட்டால், எந்த நாராயணப்பன் என்று திருப்பிக் கேட்பார்கள். வெளியுறவு நாராயணப்பன் என்று சொல்லுங்கள், உடனே கை காட்டிவிடுவார்கள். ஐம்பத்தேழு வயது. எட்டாம் வகுப்போடு படிப்பை முடித்தவர். தக்காளிக் கூடையோடு கர்நாடகத்துக்குள் மாலூர் வரை போயிருக்கிறாரே தவிர, வெளிநாடு எதையும் கண்ணால் கண்டதில்லை. ஆனால் டெல்லியிலும் பெய்ஜிங்கிலும் யார் யாரைப் பார்த்துச் சிரித்தார்கள், யார் முகத்தைத் திருப்பிக்கொண்டார்கள் என்று ஆறு வருஷமாக அவர் அளவுக்குக் கவனித்த ஆள் இந்த மாவட்டத்திலேயே இருக்க மாட்டார்.

பட்டப்பெயர் வைத்தவள், பேட்டை வாசலில் டீக்கடை நடத்தும் நஞ்சம்மா. மற்றவர்கள் கடை டிவியில் கிரிக்கெட் வைக்கச் சொன்னால், இவர் மட்டும் எல்லைப் பேச்சுவார்த்தை என்ன ஆச்சு, செய்தி வை என்பார். ஒருநாள் அவள், வெளியுறவு மந்திரி வந்துட்டாரு, நாற்காலி போடுங்கப்பா என்றாள். கடையே சிரித்தது. சிரித்தவர்களில் பாதிப் பேருக்கு அவர் ஏன் செய்தி பார்க்கிறார் என்பது தெரியும். தெரிந்தேதான் சிரித்தார்கள். நம் ஜனங்களுக்கு அதில் ஒரு கூச்சமும் கிடையாது.

விஷயம் இதுதான். 2018இல் அவருடைய இரண்டரை ஏக்கர் பேட்டைக்குப் போனது. நிலம் போனதற்கு அவர் ஒன்றும் மாரடித்து அழவில்லை. பறித்த தக்காளியை விலை இல்லாமல் ரோட்டோரம் கொட்டிவிட்டு வந்த வருஷங்கள் அவருக்கு நன்றாக ஞாபகம் இருந்தன. அந்த இடத்தில் ஒரு சீனக் கம்பெனி வந்தது, மின்சார ஸ்கூட்டருக்கு மோட்டார் செய்ய. நிலம் கொடுத்த ஒவ்வொரு வீட்டுக்கும் ஒரு நிரந்தர வேலை என்று கம்பெனி கடிதம் கொடுத்தது. கடிதத்தில் இரண்டு நிபந்தனை. வேலையில் சேரும் நாளில் இருபத்தாறு வயது முடிந்திருக்கக் கூடாது. அதுவரை வேறு எந்தக் கம்பெனியிலும் சேர்ந்திருக்கக் கூடாது.

நாராயணப்பனுக்கு ஒரே பெண், மேகலா. கிருஷ்ணகிரியில் எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்தவள். கடிதம் அவள் பெயரில் வந்தது. அதை அவர் சூளகிரிக்கு எடுத்துப் போய் லேமினேஷன் போட்டு, பெருமாள் படத்துக்குப் பின்னால் செருகி வைத்தார். பெருமாளுக்குப் பூ வைக்கும்போதெல்லாம் கடிதத்துக்கும் சேர்த்தே ஒரு கும்பிடு விழுந்தது.

மேகலாவைப் பற்றிப் பேச்செடுத்தால் அவர் கட்டாயம் சொல்லும் கதை ஒன்று உண்டு. பள்ளிக்கூடத்தில் சேர்க்கும்போது வலது கையைத் தலைக்கு மேலே கொண்டுபோய் இடது காதைத் தொடச் சொல்வார்களே, அதை அவள் நாலு வயதிலேயே தொட்டுவிட்டாள். மனைவி பூவம்மாள், இன்னும் ஒரு வருஷம் போகட்டுமே என்று தடுத்துப் பார்த்தாள். இவர் கேட்கவில்லை. இரண்டு பேரும் தக்காளிக் காட்டில் வேலை செய்ய, குழந்தை கிணற்றடியில் தனியாக விளையாடிக்கொண்டிருந்தது. பள்ளிக்கூடம் என்றால் மத்தியானச் சோறாவது உறுதி. ஒரு வாரம் வீட்டில் உட்காரவைத்துப் பழக்கினார். தலையைக் கொஞ்சம் இந்தப் பக்கம் சாய்த்துக்கொண்டால் எட்டும் என்றும் சொல்லிக் கொடுத்தார். எட்டியது. வாத்தியார் நோட்டைப் புரட்டிக்கொண்டே அஞ்சு வயசு முடிஞ்சிடுச்சா என்று கேட்டார், இவர் ஆமாம் சார் என்றார், வாத்தியார் ஜூன் ஒன்றாம் தேதி என்று ஏதோ ஒரு வருஷத்தைப் போட்டு எழுதிக்கொண்டார். வீட்டில் பிறந்த குழந்தை. எங்கேயும் பதிந்து வைக்கவில்லை. இந்தப் பக்கத்துப் பிள்ளைகளில் பாதிப் பேர் ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர்கள்தான்.

2019 தீபாவளி கழிந்து கம்பெனியின் கொட்டகை எழும்பியது. பதினோரு மெஷின்கள் வந்து இறங்கின. கூடவே லின் என்று ஒரு இன்ஜினீயர் வந்தார். நாற்பது வயது இருக்கும், ஒல்லி, நஞ்சம்மாவின் மிளகாய் பஜ்ஜிக்கு அடிமை. நாராயணப்பனுக்கு அங்கேயே பகல் வாட்ச்மேன் வேலை கிடைத்தது. தன் நிலத்துக்கே காவல். ஏழாம் நம்பர் மெஷின் நிற்கும் இடத்தில்தான் அவருடைய கிணறு இருந்தது. யாராவது கேட்டால் காட்டுவார், கேட்காவிட்டால் சொல்ல மாட்டார்.

2020 பொங்கல் முடிந்த வாரம் லின் தன் ஊருக்குக் கிளம்பினார். அவர்களுக்குப் புது வருஷமாம், இரண்டே வாரத்தில் வந்துவிடுவாராம். கிளம்பும் முன் நாராயணப்பனைக் கூப்பிட்டு ஒரு வேலை காட்டினார். ஒவ்வொரு மெஷினுக்கும் பக்கவாட்டில் ஒரு இரும்புச் சக்கரம். சக்கரத்தில் சாக்பீஸால் ஒரு கோடு போட்டு, கையால் கால் சுற்று சுற்றி நிறுத்தினார். கோடு மேலிருந்து பக்கத்துக்கு வந்தது. சனிக்கிழமை என்பதற்குக் காலண்டரைத் தொட்டுக் காட்டினார். ஓடாத மெஷின் ஒரே நிலையில் நின்றால் உள்ளே பேரிங் துருப்பிடித்து இறுகிவிடும், வாரம் ஒரு கால் சுற்று சுற்றினால் பிழைத்துக்கிடக்கும். இரண்டு சனிக்கிழமை என்று இரண்டு விரலைக் காட்டிவிட்டுப் போனார்.

இரண்டு சனிக்கிழமை முன்னூற்றுச் சொச்சம் சனிக்கிழமை ஆனது.

முதலில் கொரோனா வந்தது. அது போய்விடும் என்றார்கள். பக்கத்து நாட்டுப் பணம் உள்ளே வர டெல்லி தனியாக அனுமதி தர வேண்டும் என்று சட்டம் வந்தது. அனுமதி கிடைத்துவிடும் என்றார்கள். ஜூனில் லடாக் எல்லையில் இரண்டு பக்கத்து வீரர்களும் இருட்டில் மோதிச் செத்தார்கள். அதற்குப் பிறகு யாரும் ஒன்றும் சொல்லவில்லை. டிவியில் பெரிய மீசை வைத்த ஒருவர் தினமும் மேஜையைக் குத்தி, சீனாக்காரன் பொருள் எதுவும் வீட்டில் இருக்கக் கூடாது, தூக்கி வீசு, கொளுத்து என்றார். ஓசூரிலிருந்து பத்துப் பேர் கொடியோடு வந்து, கம்பெனி வாசலில் ஒரு காலி அட்டைப் பெட்டியைச் சீனப் பொருள் என்று எரித்தார்கள். எரித்ததை அவர்கள் படம் பிடித்த போன் எந்த ஊரில் செய்தது என்பதை யாரும் கேட்கவில்லை. நாராயணப்பன் கேட்டுக்கு உள்ளே கைத்தடியோடு நின்றார். எல்லையில் செத்த பையன்களை நினைத்தால் அவருக்கும் நெஞ்சு எரிந்தது. உள்ளே நிற்கும் பதினோரு மெஷினை நினைத்து, கேட்டின் பூட்டை ஒரு தடவை இழுத்துப் பார்த்துக்கொண்டார். யார் பக்கம் என்று அவரைக் கேட்டிருந்தால், எம் பொண்ணு பக்கம் என்றுதான் சொல்லியிருப்பார்.

சனிக்கிழமை தவறியதில்லை. காய்ச்சலோடு போனார். மாமியார் செத்த அன்றுகூட, எடுப்பதற்கு முன்னால் ஒரு மணி நேரம் காணாமல் போய், கையில் கிரீஸோடு வந்து நின்றார். பூவம்மாள் அன்றைக்குப் பேசிய பேச்சு சொல்லி மாளாது. சுற்றி முடித்ததும் பின்சுவரில் சாக்பீஸால் ஒரு கோடு கிழிப்பார். அவர் கணக்கு லேசானது. டெல்லி கையெழுத்துப் போட்ட மறுநாளே மெஷின் ஓட வேண்டும். பேரிங் போச்சு, வேறு பார்ட்ஸ் வர வேண்டும் என்று அதற்கு மேல் ஒரு வருஷம் தள்ளிப்போனால் மேகலாவுக்கு வயது ஏறிவிடும். நாடுகளின் சண்டையைத் தன்னால் நிறுத்த முடியாது. சக்கரத்தைச் சுற்ற முடியும்.

2022இல் பக்கத்தில் பெரிய செல்போன் கம்பெனி ஒன்று ஆள் எடுத்தது. விடிகாலையில் வரிசையாக பஸ் வரும். ஊர்ப் பெண்களெல்லாம் கழுத்தில் கார்டு தொங்கவிட்டு ஏறிப் போவார்கள். மேகலா அப்போது ஒரு ரோஜாப் பண்ணையில், பிளாஸ்டிக் கூடாரத்துக்குள் தினக்கூலிக்குப் பூ வெட்டிக்கொண்டிருந்தாள். டிப்ளமோ படித்த கை முழுக்க முள் கீறல். தானும் போகிறேன் என்றாள். இவர் கடிதத்தை எடுத்து வந்து இரண்டாவது நிபந்தனையில் விரலை வைத்தார். இப்போது அங்கே போனால் இங்கே வேலை இல்லை. அது காண்ட்ராக்ட், இது நிரந்தரம். அவள் பூக் கத்தரியை எடுத்துக்கொண்டு போனாள். இரண்டு மூன்று வரனும் வந்து போயின. வேலையில் சேர்ந்ததும் பார்க்கலாம் என்று தள்ளிப் போட்டார்கள்.

2024 அக்டோபரில், ரஷ்யாவில் ஏதோ ஒரு ஊரில் இரண்டு தலைவர்களும் உட்கார்ந்து பேசிக் கை குலுக்கினார்கள். நாராயணப்பன் மைசூர்பாகு வாங்கிவந்து கடையில் இருந்தவர்களுக்கெல்லாம் கொடுத்தார். எதற்கு என்று கேட்டவர்களிடம், ராசியாயிட்டாங்க என்றார், ஏதோ பங்காளி வீட்டுச் சண்டை தீர்ந்தாற்போல. அடுத்த வருஷம் அமெரிக்காக்காரன் நம் சரக்குக்கு ஐம்பது சதவீதம் வரி போட்டான். ஓசூரில் பல கம்பெனிகள் தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தன, இவர் ஒருவர்தான் உள்ளுக்குள் சந்தோஷப்பட்டார். அமெரிக்கா முறைத்தால் இவர்கள் இரண்டு பேரும் நெருங்குவார்கள் என்பது இத்தனை வருஷத்தில் அவர் படித்த பாடம். அப்படியேதான் நடந்தது. மீசைக்காரர் அதே மேஜையைக் குத்தி, அண்டை நாட்டோடு ஒத்துப் போவதுதான் புத்திசாலித்தனம் என்றார். விமானம் விட்டார்கள். விசா கொடுத்தார்கள். உள்ளூர்க் கூட்டாளி ஒருவரைச் சேர்த்துக்கொண்டு கம்பெனியின் பைலும் நகர்ந்தது. நாராயணப்பன் விரல் விட்டுப் பார்த்தார். மேகலா பிறந்தது 2000ஆம் வருஷம், யுகாதி கழிந்த இரண்டாம் நாள். 2026 ஏப்ரல் வரை இருபத்தாறு முடியாது. நேரம் இருக்கிறது.

2026 பொங்கல் முடிந்து லின் வந்தார். முடி நரைத்திருந்தது. பேரிங் எல்லாம் போயிருக்கும் என்று நினைத்துப் பெட்டி பெட்டியாகப் புதிது கொண்டுவந்திருந்தார். ஒன்றாம் நம்பர் மெஷின் சக்கரத்தை இரண்டு விரலால் தள்ளினார். அது வழுவழுவென்று சுற்றியது. பதினொன்றையும் தள்ளிப் பார்த்தார். பிறகு பின்சுவரில் வரிசை வரிசையாக இருந்த சாக்பீஸ் கோடுகளின் முன்னால் போய் வெகுநேரம் நின்றார். போனை எடுத்து அதில் ஏதோ பேசினார். போனுக்குள்ளிருந்து ஒரு பெண் குரல் தமிழில் செய்தி வாசிப்பதைப்போலச் சொன்னது: "மதிப்பிற்குரிய ஐயா, நான் இரண்டு சனிக்கிழமைகள் மட்டுமே கேட்டேன்."

நாராயணப்பன் சிரித்தார். அந்த ஒரு மாதம் அவர் நடந்த நடையே வேறு. பூவம்மாள் மகளுக்குப் புதுச் சுடிதார் எடுத்து வந்தாள். நஞ்சம்மா அவருக்கு டீயில் ஏலக்காய் போட்டாள்.

பிப்ரவரி கடைசியில் நிலம் கொடுத்த வீட்டுப் பிள்ளைகளைக் கூப்பிட்டார்கள். எச்.ஆர். ஆபீசர் ராஜேஷ்குமார் தென்காசிப் பக்கத்துக்காரர், இளம் வயது, மரியாதை தெரிந்தவர். மேகலாவின் சான்றிதழ்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். பத்தாம் வகுப்புச் சான்றிதழை மட்டும் இரண்டு தடவை பார்த்தார். பிறகு நாராயணப்பனை உட்காரச் சொன்னார்.

"அண்ணாச்சி, பொண்ணோட பிறந்த தேதி ஜூன் ஒண்ணு, தொண்ணூத்தொம்பதுன்னுல்லா இருக்கு. இருபத்தாறு முடிஞ்சு எட்டு மாசம் ஆயிட்டு."

நாராயணப்பனுக்கு முதலில் புரியவில்லை. அது பள்ளிக்கூடத்துக்காக எழுதினது, நெஜமா பொறந்தது ரெண்டாயிரத்துல என்றார். யுகாதி கணக்கைச் சொன்னார். காதைத் தொட்ட கதையைச் சொன்னார். இருபத்திரண்டு வருஷமாகப் பெருமையாகச் சொல்லி வந்த கதையை, அன்றைக்குத்தான் முதன்முதலாகக் குற்றத்தை ஒத்துக்கொள்கிற குரலில் சொன்னார். சொல்லும்போதே அவருடைய வலது கை தலைக்கு மேலே போய்விட்டது. ராஜேஷ்குமார் முழுதும் கேட்டார். பிறப்புச் சான்றிதழ் ஏதாவது உண்டா என்று கேட்டார். அது இருந்தால் இவர் ஏன் அங்கே கையைத் தூக்கிக்கொண்டு உட்கார்ந்திருக்கிறார். ஆதாரிலும் அதே தேதி, டிப்ளமோவிலும் அதே தேதி. மேகலா பக்கத்தில் தலை குனிந்து நின்றாள்.

"நான் என்ன செய்யட்டும் அண்ணாச்சி, அனுமதி குடுத்த பேப்பர்லயே இந்த வயசுக் கண்டிசனும் போயிருக்கு. ஒரு எழுத்து மாத்துனாலும் மறுபடி டெல்லிக்குப் போவும்" என்றார் ராஜேஷ்குமார். அவர் முகத்தைப் பார்த்தால் பொய் சொல்வதாகத் தெரியவில்லை. கோபப்படுவதற்கு ஒரு ஆள் கிடைத்திருந்தால்கூட நன்றாக இருந்திருக்கும்.

மூன்று நாள் நாராயணப்பன் அலைந்தார். தாலுகா ஆபீசில், பிறந்ததற்குப் பதிவு இருந்தால் கொண்டுவாங்க, இல்லாவிட்டால் கோர்ட்டுக்குத்தான் போக வேண்டும், வருஷக்கணக்கில் ஆகும் என்றார்கள். பள்ளிக்கூடத்தில் அந்த வாத்தியார் செத்து ஒன்பது வருஷம் ஆகியிருந்தது. பிரசவம் பார்த்த மாரம்மா உயிரோடு இருக்கிறாள். பேச்சும் தெளிவாக இருக்கிறது. மேகலா பிறந்த அன்று மழை பெய்தது என்று சொல்கிறாள். அதைக் காகிதத்தில் எழுதி யாரிடம் கொடுப்பது?

கடைசியாக லின்னிடம் போனார். மெஷின் ஒன்று ஓடிக்கொண்டிருந்தது. லேமினேஷன் கடிதத்தை அவர் கையில் கொடுத்து, போனைப் பார்த்துப் பேசினார். சார், நீங்க சொன்ன வேலைய நான் பண்ணன், எம் பொண்ணுக்கு நீங்க ஒரு வார்த்தை சொல்லணும் என்றார். லின் கேட்டுவிட்டுக் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். பிறகு தன் மொழியில் மெதுவாகப் பேசினார். போன் சொன்னது: "ஐயா, எனக்கு தொண்ணூறு நாள் விசா மட்டுமே. இங்கே ஆட்களைத் தேர்ந்தெடுக்க எனக்கு உரிமை இல்லை என்று கையெழுத்து வாங்கியுள்ளனர். நான் மிகவும் வருந்துகிறேன்." குரல் மட்டும் வருத்தமே இல்லாமல் கணீரென்று இருந்தது. லின் இரண்டு கையாலும் கடிதத்தைத் திருப்பிக் கொடுத்தார்.

வீட்டுக்கு வந்து அவர் கூடத்தில் சுவரைப் பார்த்து உட்கார்ந்தார். பூவம்மாள் தட்டை வைத்துவிட்டு உள்ளே போனாள். ஒரு வருஷம் போகட்டும் என்று தான் அன்றைக்கே சொன்னதை அவள் சொல்லிக் காட்டவில்லை, அதுதான் அவரை இன்னும் வதைத்தது. மேகலா வந்து பக்கத்தில் உட்கார்ந்தாள்.

"எனக்குத் தெரியும் நைனா" என்றாள். "போன ஜூன்லயே தெரியும். சர்டிபிகேட்டு எங்கிட்டதான இருக்குது."

அவர் திரும்பிப் பார்த்தார். "தெரிஞ்சிகினே ஏன் கண்ணு சொல்லல?"

"நீ சனிக்கெழம தவறாம போயிகினு இருந்த. எப்பிடிச் சொல்றது?"

அப்போதே சொல்லியிருந்தால் செல்போன் கம்பெனிக்காவது போயிருக்கலாமே என்றார் அவர். அங்கே இருபத்தஞ்சுக்கு மேல் எடுப்பதில்லை என்றும், போன வருஷமே போய்க் கேட்டுவிட்டு வந்ததாகவும் அவள் சொன்னாள். கோபம் இல்லாமல் சொன்னாள். அவள் திட்டியிருந்தால் தாங்கியிருப்பார். நாராயணப்பன் துண்டை வாயில் வைத்துக்கொண்டு அழுதார். மேகலா அவர் முதுகில் கை வைத்தபடி, விடியற்காலை நாலரைக்குப் பண்ணை வண்டி வரும், சீக்கிரம் படுக்க வேண்டும் என்று அம்மாவிடம் சொன்னாள்.

சனிக்கிழமை வந்தது. சட்டைப்பையில் சாக்பீஸோடு அவர் தன்னையறியாமல் கொட்டகைப் பக்கம் போனார். பதினோரு மெஷினும் ஓடிக்கொண்டிருந்தன. புதுச் சீருடையில் பக்கத்து ஊர்ப் பிள்ளைகள் நின்றார்கள். ஏழாம் நம்பர் மெஷினில் மேகலா வயதுப் பெண் ஒருத்தி நின்றிருந்தாள். சக்கரம் சுற்றுகிற வேகத்தில் கோடு இருக்கிறதா இல்லையா என்றே தெரியவில்லை. பின்சுவருக்குப் புது வெள்ளை அடித்திருந்தார்கள். உள்ளே நிற்கக் கூடாது, தலைக்கவசம் வேண்டும் என்று ஒரு பையன் மரியாதையாகச் சொன்னான். அவர் சரி என்று வெளியே வந்தார்.

நஞ்சம்மா கடையில் செய்தி ஓடிக்கொண்டிருந்தது. நீள மேஜை, இரண்டு பக்கமும் கொடி, கோட்டுப் போட்டவர்கள் ஒருவர் கையை ஒருவர் பிடித்துக்கொண்டு கேமராவைப் பார்த்துச் சிரித்தார்கள். கடையில் இருந்தவர்களுக்கு விஷயம் தெரிந்திருந்ததால் யாரும் அன்றைக்கு அவரைப் பட்டப்பெயர் சொல்லிக் கூப்பிடவில்லை. நஞ்சம்மாதான் டீயைக் கொடுத்துக்கொண்டே, ஏதாவது பேச வேண்டுமே என்று, இனிமேல் இவர்கள் மறுபடியும் சண்டை போடாமல் இருப்பார்களா என்று கேட்டாள்.

"அவங்க ராசியாயிட்டாங்க, நஞ்சம்மா" என்றார் நாராயணப்பன். "எம் பொண்ணுக்குத்தான் நடுவுல வயசாயிப்போச்சு."

"ஏன் மாடோதண்ணா" என்றாள் அவள், என்ன செய்வது என்று தன் கன்னடத்தில். அவர் டீயைக் குடித்து முடித்து, டம்ளரை வைத்துவிட்டு, கேட்டுக்குக் காவல் நிற்கப் போனார்.